குகைப் பக்கம் வைத்த காசு

என் மூத்த பிள்ளைக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் அம்மா ஆசையாக எழுதுவது.

முதலில் நல்ல சேதி. உன் தங்கையின் பெரியவள் மின்சாரப் படிப்பை முதல் வகுப்பில் முடித்துவிட்டாள். சின்னவள் நீச்சலில் கோப்பை வாங்கினாள். அதில் இப்போது என் மூக்குக்கண்ணாடி கிடக்கிறது. உன் தம்பியின் வாண்டு பதினெட்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்கிறது. போதும், என் கண்ணே பட்டுவிடும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. மற்றபடி அவர் வாயும் ரயிலும் நன்றாக ஓடுகின்றன. மாடி அறையில் பொம்மை ரயில் ஓடும் பலகை நீண்டு நீண்டு, நான் ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைகிறேன்.

போன வாரம் பெரியவள் வந்தாள். நாலு ரயில் ஓடும் பலகைக்கு ஒரே பிரேக்கர் போதாது தாத்தா, பகுதிக்கு ஒன்று வேண்டும் என்றாள். இவர் விடுவாரா? "நேத்து மழையில மொளச்ச காளான் எனக்குப் பாடம் சொல்லுது! இருபது வருஷமா இது ஒண்ணுதான் காவல்" என்றார். "அப்ப காசு வச்சுப் பாத்துருவோமா?" என்றாள் அவள்.

இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே நாணயத்தை வைத்தால் ஷார்ட். உடனே பிரேக்கர் டக்கென்று விழுந்து கரண்டை நிறுத்த வேண்டும். அவரால் குனிய முடியாததால் வைத்தவள் நான்தான். ஸ்டேஷனில் வைத்தேன், விழுந்தது. பாலத்தில் வைத்தேன், விழுந்தது. அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை. குகைப் பக்கம் வைத்தேன். விழவில்லை. "பாட்டி, எடு எடு!" என்று கத்தினாள். எடுத்த விரல் சுட்டது.

அங்கே போகிற வயர் ஒல்லியாம். போய்த் திரும்புவதற்குள் மின்சாரம் இளைத்துவிடுவதால், ஷார்ட் ஆனதே பிரேக்கருக்குத் தெரியாதாம். அஞ்சாவது படித்த எனக்கே புரிந்தது. அந்த வயரை இழுத்தவர் அப்பாதான்.

எட்டு வருஷத்துக்கு முன் நீ வாங்கி வந்த எஞ்சின் புகைந்ததும் அதே இடத்தில்தான். பிரேக்கரை ஒதுக்கிவிட்டு நேராக வயர் கொடுத்தது நீதான் என்று மருமகள் முன்னாலேயே கத்தினார். நீ இல்லை என்றாய். மறுநாளே கிளம்பினாய். அன்றிலிருந்து என்னிடம் மட்டும்தான் பேசுகிறாய்.

காசு வைத்த அன்று அவர் மதியம் சாப்பிட வரவில்லை. சாயங்காலம், "அவன் அன்னைக்கே இல்லேன்னுதானே சொன்னான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுநாள் தடித்த வயரும் நாலு பிரேக்கரும் வந்தன. கடைக்காரர் மலிவாக ஃபியூஸ் காட்டினாராம். எரிந்தால் எரிந்ததுதான், அது வேண்டாம். விழுந்தாலும் கொஞ்சம் பொறுத்துத் தானே எழுந்து பார்க்கிற ரகம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். குகைப் பக்கம் மண்டி போட்டு அவரே காசு வைத்துப் பார்த்தார். டக்கென்று விழுந்தது.

உன் எஞ்சினுக்குப் புது மோட்டார் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். இன்னும் ஓட்டவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை.

ஸ்டேஷனில் காத்து நிற்பவர்கள் நம் வீட்டார்தான். போட்டோவிலிருந்து வெட்டி அட்டையில் ஒட்டியிருக்கிறார். நீங்கள் மூவரும் உண்டு, ஆனால் அந்தப் போட்டோவில் பேத்தி இன்னும் கைக்குழந்தை. "இவ இப்ப எவ்வளவு உசரம் இருப்பா?" என்கிறார். எனக்கு என்ன தெரியும்?

மூவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். நெருங்கி நின்று புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு. போனில் வேண்டாம், கத்தரியால் வெட்ட வேண்டும். தூர நின்று எடுக்கச் சொல். ஆள் கட்டைவிரல் உயரம் போதும், கால் மட்டும் நன்றாகத் தெரியட்டும். உறை மேல் என் பெயர் வேண்டாம். அப்பா பெயரை எழுது.

உன் அம்மா