வலது சீட்டுக்கு பிரேக் கிடையாது

12 மார்ச் 2003, புதன்

நாலு வருடமாக நான் கட்டும் விமானத்தைப் பார்க்க ஹார்பரில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இன்று திருவொற்றியூர் ஷெட்டுக்கு வந்தார்கள். லாரி மெக்கானிக்கான என் மச்சினன் சேவியர் முந்திக்கொண்டு, "எல்லாம் நம்ம வேலதான். மச்சான் சும்மா ஸ்பேனர் எட்த்து குட்த்துகினு இர்ந்தாரு" என்றான்.

விமான பிரேக்குக்கு வேறு ஆயில் என்று தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் லாரி பிரேக் ஆயிலை ஊற்றியவன் இவன். அதில் உப்பிப்போன ரப்பர் சீல்களை ஒவ்வொன்றாக மாற்றியவன் நான்.

அவர்கள் போனதும் வீட்டுக்கு வந்து பிரேக் குழாய் வரைபடத்தை விரித்தேன். இரண்டு சீட்டுக்கும் தனித்தனி பிரேக் பெடல்; பறக்கும்போது வலது சீட் அவனுக்கு. அந்தப் பக்கம் போகும் இரண்டு குழாய்களையும் அழித்துவிட்டேன். பெடல் மட்டும் இருக்கும்.

ஊரே பார்க்க மிதிமிதியென்று மிதிக்கட்டும். வண்டி என் காலுக்குத்தான் நிற்கும்.