கேற் திறக்க வெட்டிய பள்ளம்

கல்லடி. ஐப்பசி, ஞாயிறு இரவு.

மழை இன்னும் விடவில்லை. பெய்யட்டும். எங்கள் வீட்டு வளவில் ஒரு சிரட்டைத் தண்ணீர்கூட நிற்கவில்லை!

போன மாரியில் மழைத் தண்ணீர் வாவிக்கு இறங்காமல் வீட்டுப் படி வரை நின்றது. அதனால்தான் இந்த முறை நானும் இவரும் கூலிக்கு ஆள் பிடிக்காமல் வளவு முழுக்கக் கிரவல் மண் கொட்டி உயர்த்தினோம். மதிலுக்கும் நாங்களே நீலம் அடித்தோம். எல்லாம் முடித்து நேற்றுப் பின்னேரம் கேற்றை இழுத்தால் அசையவில்லை. அது உள்பக்கமாகத் திறக்கிற கேற் என்பதை இரண்டு பேருமே மறந்துபோனோம். முன்வீட்டு மேசன் அண்ணன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இனி ஏறிக் குதிச்சுத்தான் கடைக்குப் போகணும் போல."

வந்த கோபத்தில் மண்வெட்டியை எடுத்தேன். கேற் திரும்புகிற அளவுக்குக் கிரவலை வளைவாக வெட்டித் தள்ளினோம். அழகே கெட்டுவிட்டதென்று இவர் முகம் தொங்கிப்போனது.

இன்று மழை கொட்டியது. வளவுத் தண்ணீர் முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள் ஓடி, கேற்றுக்குக் கீழால் போய் றோட்டோரக் கான் வாய்க்காலுக்குள் விழுந்தது. மேசன் அண்ணன் குடையோடு வந்து நின்றார். அவர் வளவில் கணுக்கால் தண்ணீர்.

"இத என்னண்டு யோசிச்சீங்க தம்பி?"

"எல்லாம் பிளான்தான் அண்ணன்," என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல்.

"எங்கட வளவையும் ஒருக்கா வந்து பாருங்களன்."

நான் முந்திக்கொண்டேன். "வாறம் அண்ணன். முதல்ல சொல்லுங்க, உங்கட கேற் எந்தப் பக்கம் திறக்கும்?"