உன் பெயரை எழுதிக் கொடுத்தது நான்தான்

என் வசந்திக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பகலில் பள்ளிக்கூடம், வீட்டுக்கு வந்தால் மகள். அவள் தூங்கிய பிறகுதான் பேனா கைக்கு வருகிறது. நீ இருந்தால், “ஒனக்கு எப்பத்தான் நேரம் இருந்திச்சு, மதினி?” என்று கேட்டிருப்பாய். உன் அண்ணனை நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, கூடப் படித்தவளை அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரித்தவள் நீ.

ஒரு செய்தி. நம்முடைய பேய் நாவலைப் படமாக எடுக்கிறார்கள். அதுவும் நம் தோட்டத்திலேயே.

கல்லூரியில் எனக்குப் பாடமாக இருந்த அந்தப் பழைய இங்கிலீஷ் நாவல்தான். நான் பரீட்சைக்காகப் படித்தேன். நீ கொழுந்து பறித்துவிட்டு வந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கதைக்காகவே படித்தாய். செத்துப்போன தேயிலைத் தொழிலாளர்கள் காலைப் பெரட்டுக்கு வந்து நிற்கிற கதை. பெரட்டு என்றால் வேலை தொடங்குமுன் கங்காணி பெயர் கூப்பிட்டுக் குறித்துக்கொள்வது. உனக்குத் தெரியாததா! படக்காரர்களுக்கு விளக்கி விளக்கி வாயில் நின்றுவிட்டது.

அந்தப் பேய்கள் பேசும். தோட்டத்துத் துரையை உட்கார வைத்து நியாயம் கேட்கும். “எவ்வளவு தெளிவா பேசுது பாரேன், நம்ம சங்கத் தலைவருமாருக்குக்கூட இப்புடிப் பேச வராது” என்று நீ சொன்னது நினைவிருக்கிறதா?

சில வருடம் கழித்து, பழைய நாவல்களிலிருந்து எடுத்த படங்களையெல்லாம் உன் போனில் தேடிப் பார்த்தோம். புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் பேசிய பூதம் படத்தில் வெறுமனே உறுமும். புத்தகத்தில் யோசிக்கிற வேற்றுக்கிரகத்துக்காரன் படத்தில் கண்டதையெல்லாம் எரிப்பான். “படம் எடுக்கிறவனுங்க மொதல்ல பேயோட நாக்கத்தான் அறுப்பானுங்க போல” என்றாய். அடுத்த வருடம் மலையில் குளவி கொட்டி நீ போய்விட்டாய்.

கொழும்பிலிருந்து வந்த இயக்குநரும் அதைத்தான் செய்திருக்கிறார். பேய்களுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. ஏனென்று கேட்டேன். “பேசினால் பயம் போய்விடும், டீச்சர்” என்றார். நீ இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். நான் தலையாட்டினேன். அவர் இங்கிலீஷில் சொல்வதை நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்லத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

பெரட்டுக் காட்சிக்கு இருபது பெயர் எழுதித் தரக் கேட்டார்கள். நம் லயத்து வீடுகளில் புழங்குகிற பெயர்களையே எழுதினேன். பதினேழாவதாக உன் பெயர். எங்கேயாவது ஓர் இடத்தில் நீ இருக்கட்டுமே என்ற ஆசை. உன் அம்மாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? 

அன்று காலை நல்ல பனி. நம் பெண்கள் வரிசையாக நின்றார்கள், என் அத்தையான உன் அம்மாவும்தான். மகள் என் இடுப்பில். “பேரு கூப்புடுவாங்க, யாரும் பதில் சொல்லக்கூடாது. செத்தவங்க பேரு அது” என்று நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். கங்காணி வேடக்காரர் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். சத்தமே இல்லை. “வசந்தி!”

“வர்றா கங்காணி, பின்னுக்கு வர்றா.”

அத்தைதான். யாராவது பிந்தினால் பக்கத்தில் நிற்பவள் அப்படிச் சொல்வாள், இல்லாவிட்டால் அன்றைக்குச் சம்பளக் கணக்கான செக்ரோலில் பெயர் விழாது. நீ ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லையே! பத்து வருடமாக உனக்காகச் சொன்ன வாய், அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பாதையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், வசந்தி. அதன் பிறகுதான் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது.

இயக்குநர் நிறுத்தச் சொல்லவில்லை. கெமரா ஓடிக்கொண்டே இருந்தது.

அதைப் படத்தில் வைப்பார்களா என்று கேட்க அன்று பின்னேரமே உதவி இயக்குநரிடம் போனேன். நம்மைப் போலத் தமிழ்ப் பையன்தான்.

“அந்த ஒரு வசனத்துக்கே படம் ஓடும், டீச்சர்.”

“அது வசனமில்ல, தம்பி.”

“அதான் நல்லாருக்கு.”

நம் பெண்கள் கையெழுத்து வைத்த தாளை எடுத்துக் காட்டினான். முகமும் குரலும் படக் கம்பெனிக்கே சொந்தம் என்று அதில் இருந்தது. காலையில் அதை வாசித்துவிட்டு, “படத்துல வர்றதுக்குச் சம்மதம்னு போட்டிருக்கு, கையெழுத்து வைங்க” என்று சுருக்கிச் சொன்னவள் நான். பனியில் நிற்கிறார்களே, சீக்கிரம் முடியட்டுமே என்று. படித்தவள் செய்த வேலையைப் பார்!

நேற்று அவனே போன் எடுத்தான். அந்த அம்மா வேண்டாம் என்றால் வெட்டிவிடுவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். அத்தையிடம் போனேன், விறகு அடுக்கிக்கொண்டிருந்தது.

“எடுத்துறச் சொல்லட்டுமா, அத்தை?”

“எதுக்கு?”

“பேய்ப்படம் அத்தை. ஊரே பாத்துப் பயப்படும், சிரிக்கும்.”

“பயப்படட்டும். எம் மக செத்த மறுநாளே செக்ரோல்ல பேர வெட்டிட்டானுங்க. அதுக்கப்புறம் இவன் ஒருத்தன்தான் கூப்புட்டிருக்கான்.” ஒரு கட்டையை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. “பேர எழுதிக் குடுத்தவ நீதானே? நீயே சொல்லு. என்னயக் கேக்காத.”

தெரிந்திருக்கிறது. நானும் ஒரு கட்டையை எடுத்து நீட்டினேன்.

இதில் மகள் வேறு. நாலு வயது. “வசந்தி அத்தை எத்தன மணிக்கு வருவாங்க?” என்று இரண்டு வாரமாகக் கேட்கிறாள். சாயங்காலமானால் வாசற்படியில் போய் நிற்கிறாள். உன் அண்ணன் கொழும்பிலிருந்து பேசும்போது, “புள்ளைக்கு மறந்திரும், விடு” என்கிறார். அவளுக்கு மறந்துபோகலாம். படம் மறக்காதே.

வெட்டச் சொன்னால், உன்னைக் கூப்பிடுகிற ஒரே இடத்தையும் நானே அடைக்கிறேன். விட்டுவிட்டால், எந்த ஊரிலோ இருட்டில் உட்கார்ந்துகொண்டு யார் யாரோ உன் அம்மாவின் குரலுக்கு அலறுவார்கள், சோளப்பொரி தின்றுகொண்டு. நான் என்ன செய்யட்டும்?

நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன். ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் அவர்களிடம் போய்ச் சொல்கிறேன். இது சத்தியம்.

இன்று செவ்வாய். சீக்கிரம் பதில் எழுது.

உன் மதினி,
ஜெயந்தி