நீர் நலமென்று முழங்கிய முரசு

மழை பொய்யாதிருக்க. வேணாவரை நாட்டு மன்னர் இளந்தத்தர் திருவாய்மொழிப்படி அமைச்சர் நன்னாகனார் எழுதுவிக்கும் இவ்வோலையைச் சேந்துறைக் காவலர் கீரங்கொற்றனார் காண்க. உம் துறையும் குடிகளும் நலமுறுக.

சீன தேசத்து லின்சௌ நகரிலிருந்து மீண்ட நம் தூதர் உரைத்தது இது. அங்கே ஷென் லோ என்பவன் முரசறைவோன். ஆற்றங்கரையில் செம்பு உலைகள் எழுந்தபின், நீர் நலமே என்னும் ஆணையைக் காலைதோறும் சதுக்கத்தில் முழங்கினான், தானும் நம்பினான். மீன்கள் செத்து மிதப்பதாகப் படகோட்டிகள் சொல்லித் திரிந்தனர். அவன் தெருவில் இருவர் அதைக் கேட்டனர். பட்டு வணிகன் காவ், உலை நின்றால் ஊரே பட்டினி கிடக்கும், ஆற்றுக்கு என்ன, ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்றான். கஞ்சிக்கடை மெய்லான் என்பவளோ ஆற்றுநீர் கொதித்த பானையை அப்படியே கவிழ்த்தாள். ஊரார் பிள்ளைகள் குடிப்பது, ஐயத்தோடு எப்படி ஊற்றுவேன் என்று சொல்லி, மலைச்சுனைக்குக் குடமெடுத்து நடந்தாள்.

ஒரே செய்தி இருவரிடம் இருவேறாய்ப் போனது ஷென் லோவை உறுத்தியது. உலைப்பக்கம் தானே போனான். கழிவுநீர் பச்சையாய் ஆற்றில் இறங்குவதையும், கரையில் எருமைகள் கால் மடங்கிக் கிடப்பதையும் கண்டான். மறுநாள் ஆணையை விடுத்து, கண்டதை முழங்கினான். சதுக்கம் சிரித்தது. நேற்றுவரை நலம் என்றாய், இன்று நஞ்சு என்கிறாய், இதில் எது உன் வாய் என்று ஒருவன் கேட்டான். ஷென் லோ, தான் ஊட்டிய நம்பிக்கையே தன்னை மறிப்பதை அப்போது உணர்ந்தான்.

நகர அதிகாரிகள் அவன் முரசைப் பறித்தனர். வேறொருவன் பழைய சொல்லையே முழங்கினான். கோடையில் நோய் வந்தது. குழந்தைகள் முதலில் மாண்டனர். காவின் மகனும் அவர்களுள் ஒருவன். ஷென் லோ சுனைநீரைச் சுமந்து வீடுவீடாகச் சென்றான். பாதிக் கதவுகள் திறக்கவில்லை.

காவலரே, உம் துறையிலும் அத்தகைய உலைக்கு இடம் கேட்டு வணிகர் வந்திருப்பதும், தண்ணீர் கெடாது என்று முன்னதாகவே நீர் முரசறைவித்ததும் மன்னர் அறிந்தார். அம்முரசு இன்றே நிற்க. உலைக்கு மண் வெட்டற்க. இவ்வோலையை மன்றில் உரக்க வாசிப்பிக்க. கேட்போர் சினந்து வினவினால், மன்னரையே பழித்தாலும், அவர்மேல் ஒரு விரலும் படற்க.

இது மன்னர் ஆணை. அரக்கிட்டு முத்திரை வைத்தோம்.