கலஹாவில் நீ கேட்ட தண்ணீர்

நேற்று மாலை ஒரு மாணவி ஏதோ ஆய்வுக்காக வினாக்கொத்துடன் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. தேநீர் குடிக்கச் சொன்னேன். இன்னும் பல வீடுகள் இருக்கின்றன என்று பேனாவைத் திறந்தாள். பிறந்த இடம் எது என்று கேட்டாள். மறைக்க ஒன்றுமில்லை, ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை. அப்போது உன்னை நினைத்தேன்.

பட்டப்படிப்புக்குச் சமூகவியல் எடுத்தவர்கள் கண்டியில் நம் வகுப்பில் சிலர்தான். நீ கம்பளையிலிருந்து ரயிலில் வருவாய். சமூகம் இசைந்து இயங்குகிறது என்னும் செயற்பாட்டுவாதத்தையும், மோதி இயங்குகிறது என்னும் முரண்பாட்டுக் கோட்பாட்டையும் நான் கோடு போட்டுப் பிரித்து எழுதி மனப்பாடம் செய்வேன். நீயோ அன்று காலை ரயிலில் இடத்துக்குச் சண்டை போட்டவர்களை வைத்தே இரண்டையும் விளக்கிவிடுவாய். ஆய்வு முறைகளுக்கு வந்தபோது, எல்லோரும் வெளியே போய் மனிதர்களைக் கேட்டு எழுதிவர வேண்டும் என்றார் ஆசிரியர். முன்பின் தெரியாதவரிடம் பேசுவதென்றால் எனக்கு இன்றும் வியர்க்கும். பாடத்தையே மாற்றிக்கொள்ள முடிவுசெய்தேன்.

"ஒருக்கா என்னோட வா மச்சான். பொறகு மாத்து," என்று கலஹா பஸ்ஸில் ஏற்றினாய்.

அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் என் வினாக்கொத்தைக் கண்டதுமே ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். இந்திய வம்சாவளியினர் என்பதால் குடியுரிமைக் கவலை எல்லா வீட்டிலும் இருந்த காலம் அது. தாளோடு வந்து பிறந்த இடம் கேட்பவன் இந்தியாவுக்கு அனுப்பப் பெயர் எழுதுகிறவன் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். டவுன் கடைக்காரர் மகனான எனக்கு அது உறைக்கவே இல்லை.

கடைசிக் கதவில் ஒரு அம்மா நின்றார். நீ என் தாள்களை வாங்கி உன் பைக்குள் வைத்தாய்.

"தண்ணி கொஞ்சம் தாங்கம்மா."

அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வீட்டுத் தண்ணிய குடிப்பீங்களா?"

தாளோடு வந்த எவரும் அதுவரை குடித்ததில்லை போலும். நீ செம்பை வாங்கி முழுவதும் குடித்துக் காலி செய்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டாய். பிறகு அவர்தான் கேட்கத் தொடங்கினார். எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர், தகப்பன் என்ன தொழில். எல்லாம் என் வினாக்கொத்தின் கேள்விகள், ஏறக்குறைய அதே வரிசையில்! நீ ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாய். படித்து என்ன ஆகப்போகிறாய் என்றதற்கு, "இப்பிடி வீடு வீடா தண்ணி குடிக்கத்தான்," என்றாய். அவர் சிரித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். பக்கத்துக் கதவும் திறந்தது.

திரும்பும்போது, இது புத்தகத்தில் எந்த முறையில் சேரும் என்று கேட்டேன்.

"அது தெரியா. மொதல்ல அவங்க நம்மள கேக்கட்டும், அவ்வளவுதான்."

நான் பாடத்தை மாற்றவில்லை.

பல வருடங்கள் கழித்து, நீ இறந்துபோன செய்தி கேட்டுக் கம்பளைக்கு வந்தேன். உன் வாசல் நிறையத் தெரியாத முகங்கள். யாரிடம் என்ன சொல்வது? திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு, தாகமே இல்லாமல், தண்ணீர் கேட்டேன். உன் மூத்த மகன் கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"நீங்க எந்த ஊரு? வாப்பாவ எப்பிடித் தெரியும்?"

கதிரையில் உட்கார்ந்து, கலஹா பஸ்ஸிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.