வந்து இருங்கோ

உம்முடைய அறையைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியதோடு நிற்கவில்லை. வாசலில் நீர் கையால் எழுதித் தொங்கவிட்ட பலகையைக் கழற்றி, கன்ரீன் அடுப்புக்கு விறகாக அனுப்பினார்கள். இது பிழை. தெரியாமல் நடந்த பிழை இல்லை. கூட்டம் கூடி, தேத்தண்ணி குடித்து, தீர்மானம் எடுத்துச் செய்த பிழை. நீர் இருந்திருந்தால் இதை மெதுவாகச் சொல்லியிருப்பீர். மெதுவாகச் சொல்ல எனக்கு வராது.

பலகை இப்போது மண்கும்பானில் என் வீட்டு மேசையில் கிடக்கிறது. எனக்குப் பிறகு பல்கலைக்கழக வளாகத்தில் கன்ரீன் நடத்துகிற மருமகள்தான் கொண்டுவந்தாள். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"மாமி, இதை அடுப்புக்கை வைக்கச் சொன்னவை. எனக்குக் கை வரேல்லை."

தாளைப் பிரித்ததும் ஊதுபத்தியும் வடை பொரித்த எண்ணெயும் கலந்து மணத்தது. அறைக்கும் என் கன்ரீன் குசினிக்கும் ஒரே சுவர் அல்லவா? இத்தனை காலம் அந்தப் புகையைக் குடித்த பலகை. அந்த மணத்தோடு நீரும் வந்து முன்னால் இருந்துவிட்டீர். அதனால் எழுதுகிறேன். உமக்கு எழுதினாலும், பூட்டினவர்களும் வாசிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன். ஆகவே உமக்குத் தெரிந்ததையும் சொல்லுவேன். பொறுத்துக்கொள்ளும்.

நீர் புவியியல் படிப்பித்தீர். ஊர்காவற்றுறைக் கத்தோலிக்க வேதக்காரி. நான் வேலணைச் சைவக்காரி. எங்கள் ஐயா தெற்கே கடை வைத்திருந்தார். அந்தக் கடை மேசைக்குப் பின்னால் நின்றுதான் சிங்களம் பேசக் கற்றேன். கலவரத்தில் கடை எரிந்தபின் தீவுக்குத் திரும்பினோம்; என் பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் வடை கட்டிக் கொடுக்கச் சரை சுற்றுகிற பழைய தாள்களில் படித்ததுதான். நீர் என்னை ஒருநாளும் படிக்காதவள் என்று நினைக்கவில்லை. பிடிவாதக்காரி என்று மட்டும் சொன்னீர். அது சரிதான்.

ஒரு மத்தியானம் அக்கரைப்பற்றுப் பிள்ளை ஒருத்தி என் குசினி வாசலில் வந்து நின்றாள். தலையில் துணி, கையில் ஒரு சின்னப் பாய்.

"அக்கா, இந்த மூலையிலை கொஞ்ச நேரம் தொழுதிட்டுப் போகட்டா? விரிவுரை மண்டபத்திலை பெடியன்கள் கதிரை இழுத்து விளையாடுறாங்கள்."

அரிசி மூட்டைக்கும் தேங்காய்க் குவியலுக்கும் இடையில் அவளுக்கு இடம் விட்டேன். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாள் நீர் தேத்தண்ணிக்கு வந்தபோது வாசலில் கிடந்த செருப்பைக் கண்டு, "உள்ளை ஆர்?" என்று கேட்டீர். காட்டினேன். தேத்தண்ணி ஆறும்வரை நின்றுவிட்டுப் போய்விட்டீர். அன்று தொடங்கியது உம்முடைய அலைச்சல்.

நிர்வாகக் கந்தோரில் என்ன சொன்னார்கள்? நாலு சமயத்துக்கு நாலு அறை கொடுக்க வளாகத்தில் இடமில்லை, ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றது கேட்கும், ஆகவே ஒன்றுக்கும் இல்லை. நீர் திரும்பப் போனீர். நாலு வேண்டாம், ஒன்று போதும் என்றீர். கடைசியில், என் குசினிக்குப் பக்கத்தில் உடைந்த கதிரைகளை அடைத்து வைத்திருந்த களஞ்சிய அறையைத் தந்தார்கள். எங்களால் இதைத் துப்புரவாக்க ஏலாது என்ற எண்ணத்தில் தந்த அறை. நாங்கள் இருவரும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஒட்டடை அடித்தோம்.

அறை துப்புரவானதும் நான் ஒரு பிள்ளையார் படமும் குத்துவிளக்கும் கொண்டுவந்தேன். அதில் நாங்கள் பட்ட சண்டை வளாகத்துக்கே கேட்டது.

"இதை எடும்."

"ஏன் எடுக்க? பிள்ளையார் ஆருக்குத் தொந்தரவு?"

"உம்மடை பிள்ளையாரை வைச்சா நான் மாதாவை வைக்கவேணும். மாதாவை வைச்சா அந்தப் பிள்ளை நெத்தியை எங்கை வைக்கிறது?"

"விளக்காவது இருக்கட்டுமன். வெளிச்சத்துக்கு என்ன சமயம்?"

"வெளிச்சத்துக்கு யன்னல் இருக்கு, காணும்."

படத்தைக் கொண்டுபோய்விட்டேன். உமக்கு வந்த தேத்தண்ணியில் சில நாள் சீனி குறைந்திருந்தது. நீர் அதையும் குடித்துவிட்டுப் போனீர். இன்றைக்கும் சொல்கிறேன், ஒரு விளக்கு இருந்திருக்கலாம். ஆனால் அறைக்கு நீர் வைத்த ஒழுங்கு ஒன்றே ஒன்று: கொண்டு வருகிறதைத் திரும்பக் கொண்டு போக வேண்டும். பாயோ, செபமாலையோ, பூவோ, புத்தகமோ. அந்த ஒழுங்கை நானும் மீறவில்லை.

அறைக்குப் பெயர் வைக்கத்தான் இருவருக்கும் தெரியவில்லை. அது கடலில் கிடைத்தது.

அந்த வருடம் அறைக்கு வருகிற பிள்ளைகளை நயினாதீவுக்குக் கூட்டிப்போனீர். ஒரே தீவில் அம்மன் கோயிலும் விகாரையும் இருக்கிறதைப் பார்க்கட்டும் என்றீர். சிங்களம் தெரியும் என்பதால் என்னையும் ஏற்றினீர். குருநாகலில் இருந்து படிக்க வந்த ஒரு சிங்களப் பிள்ளை விகாரைக்கென்று வெள்ளை உடுப்போடு வந்திருந்தாள். குறிகட்டுவானில் படகு ஏறியதும் அவள் என்னிடம், "நாகதீபத்துக்கு எவ்வளவு நேரம்?" என்று சிங்களத்தில் கேட்டாள். பின்னால் இருந்த புங்குடுதீவுப் பெடியன் தீவின் அந்தச் சிங்களப் பெயரைக் கேட்டுவிட்டான். "நயினாதீவு!" என்று எழும்பினான். இன்னொருத்தன் அவனுக்கு மறுமொழி சொல்ல எழும்பினான். படகு ஒரு பக்கம் சரிந்தது. படகோட்டி மேலிருந்து கத்தினார்:

"பேரைக் கரைக்குப் போய்ப் பாருங்கோ! இப்ப இருங்கோ! ஆரெண்டாலும் இருங்கோ!"

எல்லோரும் திரும்ப ஆசனத்தில் இருந்தார்கள். கடல் சொன்னால் கேட்கிற பிள்ளைகள்தானே.

அந்தச் சொல்லை குருநாகல் பிள்ளை பிடித்துக்கொண்டாள். ஏறமுன் தேத்தண்ணிக் கடையில் "இருங்கோ பிள்ளை", படகில் "இருங்கோ", இறங்கி என் ஒன்றுவிட்ட தங்கை வீட்டுக்குப் போனால் அங்கேயும் "வாங்கோ, வந்து இருங்கோ". இவர்களுடைய வணக்கம், இவர்களுடைய "ஆயுபோவன்" இதுதான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். எங்களிடம் கேட்கவும் இல்லை. கோயிலுக்குள் போய், அம்மாளுக்கு முன்னால் இரண்டு கையையும் கூப்பி, சத்தமாக, "இருங்கோ!" என்றாள்.

எங்கள் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐயர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் சிரிக்கிறியள்? பிள்ளை அம்மாளை இருக்கச் சொல்லுது. அவ இருந்தாத்தானே நாங்கள் இருக்கிறம்."

அதன்பிறகு விகாரைக்குப் போனோம். படகில் எழும்பிய பெடியன் உள்ளே வரவில்லை. வாசலில் எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவனைப் பேச வாயெடுத்தேன். "விடும். செருப்புப் பார்க்க ஒராள் வேணுந்தானே" என்றீர். திரும்பி வரும்போது படகில் என் காதுக்குள், "பேர் கிடைச்சிட்டுது" என்றீர். எனக்கு உடனே விளங்கவில்லை. அடுத்த கிழமை பலகை தொங்கியது. "வந்து இருங்கோ" என்று உம்முடைய கையெழுத்தில் தமிழ். கீழே அதையே சிங்களத்தில் அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள்.

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த பிறகு, வளாகம் மூடித் திறந்த நாட்களை நான் மறக்கமாட்டேன். சந்தேகமெல்லாம் தங்கள் மேல் திரும்பியதால், அப்போது படித்த முஸ்லிம் பிள்ளைகள் கன்ரீனுக்கு வரவும் பயந்தார்கள். அறை வெறுமையாகக் கிடந்தது. ஒரு மத்தியானம் ஒரேயொரு பிள்ளை பாயோடு வந்து, வாசலில் நின்று, உள்ளே போகாமல் திரும்பிப் போகப் பார்த்தாள். நீர் அதற்கு முன்னமே உள்ளே, கால் ஆடுகிற அந்தப் பழைய கதிரையில், செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தீர். அவளைப் பார்த்து, பலகையில் உள்ளதைத்தான் சொன்னீர். கதவைத் திறந்தபடியே விட்டீர், போகிறவர்கள் எல்லாம் பார்க்கட்டும் என்று. அவள் தொழுதாள். நீர் மணி உருட்டினீர்.

பிறகு நான் கேட்டேன், "உங்கடை சனம் என்ன சொல்லும்?"

"சொல்லும். எனக்கும் கோவம் இருக்கு, பயமும் இருக்கு. அதுகளை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? அதுதான் இஞ்சை கொண்டு வந்தனான்."

"கொண்டு வந்ததைத் திரும்பக் கொண்டு போகவேணும். ஒழுங்கு உம்மடை ஒழுங்கு."

நீர் சிரித்துவிட்டீர். அந்த நாட்களில் நீர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

நீர் போனபின் ஒரு குழு வந்தது. ஒரு கூட்டம், மற்றக் கூட்டம் அறையை அதிக நேரம் பிடிக்கிறது, தங்களுக்கு இருக்க இடம் காணாது என்று முறைப்பாடு எழுதியது. மற்றக் கூட்டமும் எழுதியது. குழு யோசித்து, அறையை மரத்தட்டி அடித்து நாலாகப் பிரிப்பது என்று முடிவெடுத்தது. தட்டி அடிக்கும்வரைக்கும் பூட்டு. பூட்டின் திறப்பு கந்தோர் அலுமாரியில். வெளியிலிருந்து விருந்தினர் வந்தால் மட்டும் திறந்து, விளக்கேற்றிப் படம் எடுக்கிறார்களாம். நான் கேட்டபோது கிடைக்காத விளக்கு! வாசலில் இப்போது பளபளவென்று "பல்சமய நல்லிணக்க மையம்" என்று தொங்குகிறது. பிள்ளைகள் மாடிப்படிக்குக் கீழே பாய் விரிக்கிறார்கள் என்று மருமகள் சொன்னாள். குசினி மூலைக்கு வந்து கேட்கவும் இப்போது ஒருத்தருக்கும் துணிவில்லையாம்.

நான் போனேன். மண்கும்பானிலிருந்து பஸ் ஏறி, கந்தோரில் போய் நின்றேன். அங்கே இருக்கிற அதிகாரி எங்கள் வளாகத்தில் படித்தவர்தான். என் வடையைத் தின்று வளர்ந்தவர்.

"அம்மா, உங்களுக்கும் வளாகத்துக்கும் இப்ப என்ன தொடர்பு?"

"நீர் காய்ச்சலோடை கிடக்கேக்கை விடுதிக்குக் கஞ்சி அனுப்பின தொடர்பு. பலகையை ஏன் கழட்டினனீங்கள்?"

"அது பேச்சுத் தமிழம்மா. பல்கலைக்கழகத்துக்கு ஒரு தரம் வேணும். பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று சொல்லிவிட்டு, நான் நின்றுகொண்டே இருப்பதைக் கண்டார். கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ அம்மா, கதைப்பம்."

"இதைத்தான் தம்பி, அதிலை எழுதியிருந்தது."

நான் இருக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நீர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளும் எனக்கு அந்தச் சொல்லைத்தான் சொன்னீர். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். நீர் கண்ணைத் திறந்து, "இரும்" என்றீர். நான் கதிரையைத் தேடினேன். கதிரை இருக்கவில்லை. "இல்லை, நீர் இரும்" என்று திரும்பச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிவிட்டீர். வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது, அல்லைப்பிட்டி தாண்டிய பிறகுதான் விளங்கியது. நீர் கதிரையைச் சொல்லவில்லை.

ஆகவே இருக்கிறேன். இருக்கிற படியால், செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

கந்தோரில் உள்ளவர்கள் திறப்பைக் கொண்டுவந்து, முன்பு தொங்கிய இடத்தில், கன்ரீன் குசினி ஆணியில் கொழுவ வேண்டும். வேண்டியவர் வேண்டிய நேரம் எடுக்கட்டும்.

குழுவில் இருந்து கை உயர்த்தியவர்கள் அந்தப் புதுப் பெயரைக் கழற்ற வேண்டும். அதற்கு வேறு ஆளை அனுப்பக் கூடாது. கூட்டத்தில் உயர்த்திய அதே கையால் கழற்ற வேண்டும். தட்டி அடிக்க வாங்கிய பலகைகளைத் தச்சரிடம் கொடுத்தால் இருக்கிறதுக்கு நீள வாங்கில் செய்து தருவார். அறையில் இருக்க இடம் காணாது என்றுதானே முறைப்பாடு.

முறைப்பாடு எழுதிய பிள்ளைகள், எங்கள் சைவப் பிள்ளைகளும் அதில் உண்டு, மற்றவர் எத்தனை நேரம் இருந்தார் என்று பார்க்கிறதை விட்டு, தாங்கள் போய் இருக்க வேண்டும். உள்ளே வர மனமில்லாதவர்கள் வாசலில் செருப்பைப் பார்க்கலாம். அதற்கும் இடமுண்டு.

குருநாகல் பிள்ளை இப்போது எங்கே படிப்பிக்கிறாளோ தெரியாது. இதை யாராவது அவளுக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். பலகையில் அவளுடைய வரி கொஞ்சம் மங்கிவிட்டது. வந்து அவள்தான் திரும்ப எழுத வேண்டும்.

மருமகள் வாசலில் கைகால் கழுவ ஒரு பானை தண்ணீர் வைக்க வேண்டும். சொல்லிவிட்டேன், வைப்பாள்.

மிச்சம் என்னுடையது. தவணை தொடங்குகிற திங்கட்கிழமை, நீர் இருந்த அந்தக் கால் ஆடுகிற கதிரையையும் பலகையையும் எடுத்துக்கொண்டு வளாகத்துக்குப் போவேன். கதிரை என்னிடம்தான் கிடக்கிறது. பூட்டுகிறதுக்கு முன் மருமகளைக் கொண்டு எடுப்பித்துவிட்டேன். பூட்டிய கதவுக்கு முன்னால் அதைப் போட்டு, பலகையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருப்பேன். யாராவது வந்து, "எழும்புங்கோ அம்மா" என்பார்கள்.

எழும்ப மாட்டேன். அவர்களையும் இருக்கச் சொல்லுவேன்.