கராஜ் வீட்டில் சேராது

பெப்ரவரி 17, செவ்வாய்

பனி. பின்னேரம் தொடங்கியது, இன்னும் கொட்டுகிறது. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் மட்டும் மிதக்கின்றன. தெரு இல்லை.

போர்வைக்குள் போன் வெளிச்சம். பக்கத்து அறையில் அம்மா செருமினால் கையால் மூடிவிடுகிறேன்.

மணல்: ஐந்து பாகை. நல்லது. பிரிட்ஜ் கதவைத் திறந்து காற்று விட்டேன். மூக்கு மண்ணுக்குள். அசைவில்லை.

எங்கள் பேஸ்மன்டில், பழைய சின்ன பிரிட்ஜுக்குள், மண் போட்ட பெட்டியில், மணல் என்று ஒரு பாலைவன ஆமை நித்திரை கொள்கிறது. எழுதிப் பார்த்தால் எனக்கே கனவுபோல இருக்கிறது. பாலைவனத்தில் குளிர்காலம் வந்தால் மண்ணைத் தோண்டி உள்ளே போய்ப் படுத்துவிடுமாம். இங்கே கனடாவில் அந்த அளவுக் குளிரை, கூடாமல் குறையாமல், பிரிட்ஜ்தான் தரும். மார்ச்சில்தான் எழுப்ப வேண்டும். எல்லாம் ரூத் அன்ரி சொல்லித் தந்தது. அவ ஒஷாவாவில் ஒரு ஆமைச் சங்கம் நடத்துகிறா. யாரோ வாங்கி, அலுத்து, விட்டுப்போன ஆமைகளுக்கு வீடு தேடுவது. பள்ளிக்கூடங்களுக்கு ஆமையோடு வந்து பாடம் சொல்வது. எங்கள் லைப்ரரிக்கு வந்த அன்று மணல் நேரே என்னிடம் வந்து சப்பாத்து நாடாவைக் கடித்தது. சிவப்பு நாடா. சிவப்பு அதன் கண்ணுக்கு நல்லாய்ப் பிடிக்கும், பழம் பூ என்று நினைக்கும் என்றா ரூத் அன்ரி. நான் அப்பாவைக் கேட்டேன். அப்பா ஓம் என்றார். தத்து.

நேற்று குடும்ப நாள் லீவு. ரூஜிலிருந்து பெரியம்மா வந்தா. முதலில் எல்லாம் நல்லாய்த்தான் போனது. அம்மாவை இருத்தி வைத்துக் கால் நகங்களுக்குச் சிவப்புப் பூசிவிட்டா. பிறகு ஃப்ரீசரில் மீன் எடுக்கப் பேஸ்மன்டுக்கு இறங்கினவ, வெறுங்கையோடு ஏறி வந்தா.

"உதென்னடி கீழ பெட்டிக்குள்ள?"

"ஆமை, அக்கா. பிள்ளை கேட்டவள் எண்டு..."

"வீட்டுக்குள்ள ஆமையோ. உனக்கு விசரே? எப்ப வந்தது உது?"

"ஐப்பசியில."

"உன்ர மனுசனுக்கு எப்ப வேலை போனது?"

அம்மா தன் கால் நகங்களைப் பார்த்தா. தையில் போனது.

அப்பா சொன்னார்: "மச்சாள், என்னோட நாப்பது பேரை நிப்பாட்டினவங்கள். நாப்பது வீட்டிலயும் ஆமையோ?"

பெரியம்மாவும் சிரித்துவிட்டா. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஒஷாவாவில் இன்டர்வியூ. போகும்போது பெரியம்மா வாசலில் நின்று அம்மாவின் காதுக்குள்: "வெள்ளிக்கு முதல் உதை வெளியில எடு."

எனக்குக் கேட்டது. அதுதான் நித்திரை வரவில்லை.

பெப்ரவரி 18, புதன்

கனவு. எங்கள் தெரு முழுக்க மணல். கூரைகள் மட்டும் வெளியே. வெயில் மஞ்சளாய், சத்தமில்லாமல். அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு குழிக்குள் மூக்கைப் புதைத்து நித்திரை. நான் வீடு வீடாய்ப் போய்க் கதவுகளைத் திறந்து காற்று விடுகிறேன். ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. எழும்பினபோது பஸ்ஸுக்குப் பிந்திவிட்டேன்.

ம. – ஐந்து. சரி.

அப்பா குளியலறைக் கண்ணாடியோடு: "ஐ ஆம் எ டீம் பிளேயர்." திரும்பத் திரும்ப. ஒவ்வொரு முறையும் வேறு ஆள் சொல்வதுபோல.

அம்மா அவருடைய ஷேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டா: "நித்திரையில இடம் மாத்தினா அதுக்குத் தெரியுமே?"

"தெரியாதெண்டு நினைக்கிறன். ஏனம்மா?"

"சும்மா கேட்டனான்."

அம்மா சும்மா எதையும் கேட்பதில்லை.

பெப்ரவரி 20, வெள்ளி

எழுத்து கோணல். விரல் இன்னும் சரியாய் மடங்கவில்லை.

பள்ளிக்கூடத்தால் வந்து நேரே கீழே போனேன். பிரிட்ஜுக்குள் பெட்டி இல்லை. தட்டில் கொஞ்சம் மண் மட்டும்.

அம்மா படியில் நின்றா. "கத்தாத. விடியக் கராஜிலதான் வைச்சனான். அப்பா வரட்டும், திரும்பி உள்ள எடுப்பம்."

"கராஜும் வீடுதானே அம்மா."

"கராஜ் வீட்டில சேராது. அது வாசலுக்கு வெளியில."

"வெளியில மைனஸ் பதினெட்டு."

"பிரிட்ஜுக்குள்ளயும் குளிர்தானே பிள்ளை. ரெண்டு துவாயால சுத்தி வைச்சனான்."

அம்மா பொய் சொல்லவில்லை. குளிர் எல்லாம் ஒரே குளிர் என்றுதான் நினைத்திருக்கிறா. ஐந்து பாகை நித்திரை, மைனஸ் பதினெட்டு சாவு என்று நான் சொல்லச் சொல்ல அவவின் முகம் மாறியது.

கராஜில் பெட்டி இல்லை. துவாயும் இல்லை.

வெள்ளி எங்கள் தெருவில் குப்பை நாள். வாளிகளைக் காலையில் கராஜுக்குள்ளிருந்து இழுத்து வெளியே வைப்பது அப்பாதான். மணலின் பெட்டி சாதாரண மட்டைப் பெட்டி. லொறி வந்து போய்விட்டது. வாளிகள் வெறுமையாய்ச் சரிந்து கிடந்தன. தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். அம்மாவும் ஓடி வந்தா. கோட் இல்லை. வீட்டுச் செருப்பு. அடுத்த வீட்டு வாளிக்குள்ளும் எட்டிப் பார்த்தா. அப்பாவின் போன் நிறுத்தியிருந்தது.

பனிமேட்டில் இருந்துவிட்டேன். எல்லாம் வெள்ளை, எல்லாம் தூரம்.

பிறகு அப்பாவின் கார். முன் சீட்டில் துவாய் சுத்திய பெட்டி, சீட் பெல்ட் போட்டபடி.

காலையில் கராஜில் கண்டவராம். துவாய் விறைத்திருந்ததாம். ரூத் அன்ரிக்குப் போன் அடித்திருக்கிறார். அவ ஒரு பள்ளிக்கூடத்தில். சூடு காட்டவேண்டாம், காரில் தனியே விடவேண்டாம், உங்களோடேயே வைத்திருங்கள், முடிந்ததும் என்னிடம் வாருங்கள் என்றாவாம். அப்பா பெட்டியோடு இன்டர்வியூவுக்குப் போய்விட்டார்.

"வாசலில நிண்ட செக்யூரிட்டி, லஞ்சோ எண்டு கேட்டவன்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஆமை எண்டன். பிறகு உள்ள இருந்தவையும் திறந்து பாத்தவை. அரைவாசி நேரம் உதைப் பற்றித்தான் கேட்டவை. டீம் பிளேயர் சொல்ல விடேல்லை."

மணல் உயிரோடு. பின்னங்காலைத் தொட்டால் மெல்ல உள்ளே இழுக்கிறது. ஆனால் உடம்பு இளகத் தொடங்கிவிட்டது, இனி நித்திரைக்குத் திருப்பி அனுப்ப முடியாதாம், எழுப்பத்தான் வேணுமாம். உறைபனி பட்டால் முதலில் கண்தான் போகுமாம். திங்களுக்குள் கண் தெரியாவிட்டால், சாப்பிடாவிட்டால், ரூத் அன்ரி வந்து எடுத்துக்கொண்டு போவா. திரும்பித் தரமாட்டா.

"ஆர் கராஜில வைச்சதெண்டு கேட்டவ," என்றார் அப்பா. "நான் எண்டு சொன்னன்."

அம்மா குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டா. பாத்திரம் ஒன்றும் கழுவவில்லை.

பெப்ரவரி 21, சனி

இளஞ்சூட்டுத் தண்ணீர், கழுத்து நனையாமல். தண்ணீருக்குள் கால்கள் மெதுவாய் அசைந்தன, நடக்கிறதுபோல, அங்கே எங்கேயோ. இரண்டு கண்ணும் மூடித்தான்.

தமிழ் வகுப்புக்குப் போகவில்லை. வயிற்றுக்குத்து என்று சொன்னேன். அம்மா நம்பினதுபோல இருந்தா.

பெப்ரவரி 22, ஞாயிறு

கண் திறந்தது. இரண்டும். பால்போல ஒரு மங்கல். என் விரலை முன்னால் ஆட்டினேன். பார்க்கவில்லை. அல்லது பார்க்க விரும்பவில்லை.

கீரை வைத்தேன். மூக்கு இடித்தது. சாப்பிடவில்லை.

அம்மா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றா. "பேஸ்மன்ட் இதுக்கு இருட்டு. மேல வெயில் விழுற இடத்தில வைப்பம்."

"மேலயோ?"

"குசினியில."

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மாறிவிடுவாவோ என்று பயம்.

பெப்ரவரி 23, திங்கள்

அப்பாவுக்கு இன்னும் போன் வரவில்லை. ரூத் அன்ரி ஆறு மணிக்கு வருவதாக இருந்தது.

நாலு மணி. குசினி நிலத்தில் வெயில் ஒரு நீட்டுத் துண்டு. அதன் நடுவில் மணல். அம்மா கீரையை வறைக்கு அரிவதுபோல மெல்லிசாய் அரிந்து தட்டில் வைத்திருந்தா. தொடவில்லை. நான் சுவரோடு நின்று மணிக்கூட்டைப் பார்க்காமலிருக்கப் பார்த்தேன்.

பெரியம்மாவின் போன். அம்மாவின் கை ஈரம், ஸ்பீக்கரில் போட்டா.

"என்ன, உதை அனுப்பியாச்சே?"

மணல் கழுத்தை நீட்டியது. ஒரு கால். மற்றக் கால். தட்டைத் தாண்டி, வெயிலைத் தாண்டி, நேரே.

"அண்டைக்கே வெளியில எடுத்தாச்சு அக்கா," என்றா அம்மா.

"பாத்தியே. இனி வேலை வரும்."

"ம்."

மணல் வாயைத் திறந்து அம்மாவின் பெருவிரல் நகத்தை, அந்தச் சிவப்பை, கவ்விக்கொண்டது.

அம்மா காலை இழுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணால் மணலை எனக்குக் காட்டினா.

"என்னடி சத்தம் இல்லை?" என்றா பெரியம்மா.

"ஒண்டுமில்லை அக்கா. சொல்லுங்கோ."